உஷார்! மாரிக்கு முன் அந்த வயரைப் பாருங்கள்

வீட்டுக்கு வெளியே போய், கூரை ஓரமாகவோ மதிலோடோ ஓடுகிற அந்தச் சாம்பல் நிற வயரைக் கையில் பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள். கமராவுக்குப் போகிற வயர், மேல்மாடிக்கு இன்டர்நெட் கொண்டுபோகிற வயர், பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கு இழுத்துக் கொடுத்த வயர், எதுவானாலும் சரி. தோல் மாவாகி விரலில் ஒட்டுகிறதா? வளைத்த இடத்தில் வெடிப்புத் தெரிகிறதா? உள்ளேயிருந்து பச்சையும் செம்மஞ்சளுமாகச் சிறு வயர்கள் எட்டிப் பார்க்கின்றனவா? அப்படியென்றால் அது இந்த மாரியைத் தாங்காது. போகிறபோது ரவுட்டரையும் கமரா ரெக்கோடரையும் கூட்டிக்கொண்டு போகும். இடி மின்னலோடு மழை வந்தால் ஆளுக்கே ஆபத்து. ஐப்பசி பிறந்து வானம் இருண்ட பிறகு ஏணி வைத்து ஏறுவதைவிட இப்போதே ஏறிப் பார்ப்பது நல்லது.

மட்டக்களப்பில் வயருக்கு வருகிற வியாதிகள் கண்டியிலும் குருநாகலிலும் வருவதில்லை. ஏறாவூர்ப் பக்கம் தொடங்கிக் கல்முனைப் பக்கம் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி. அதற்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலம். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று எழுவான்கரை ஊர்கள் முழுவதும் அந்த மணலில்தான் வரிசையாக இருக்கின்றன. கிழக்கே கடல், மேற்கே உவர் வாவி. கச்சான் வீசுகிற மாதங்களில் வெயிலும் வறண்ட காற்றும் சேர்ந்து வயரின் தோலைக் காய்ச்சி வெடிக்க வைக்கும். பிறகு வாடை வந்து, அந்த வெடிப்புக்குள் உப்பும் ஈரமும் ஏற்றும். வெடிக்க வைப்பது ஒரு காற்று, நனைப்பது இன்னொரு காற்று. இரண்டும் தவறாமல் ஆண்டுக்கொரு முறை வருகின்றன.

கடையில் 305 மீற்றர் பெட்டியில் விற்கிற சாதாரண நெட்வேர்க் கேபிளின் தோல் பி.வி.சி. அது வீட்டுக்குள் போடுவதற்கென்று செய்தது. வெயிலில் இரண்டு மூன்று கோடை கண்டால் இறுகி வெடிக்கும். வெளியே போடுவதற்கு வேறு கேபிள் உண்டு. அதன் தோல் கறுப்புப் பொலிதீன் வகை. கரித்தூள் கலந்திருப்பதால் வெயிலின் புற ஊதாக் கதிர் உள்ளே போகாது. சில வகைகளில் நீர் புகாமல் இருக்க உள்ளே ஒரு பசையும் நிரப்பியிருப்பார்கள். ஆனால் கறுப்பாக இருப்பதெல்லாம் வெளிக் கேபிள் இல்லை. கறுப்புச் சாயம் பூசின பி.வி.சி.யும் அதே தட்டில்தான் அடுக்கியிருக்கும். தோலில் அச்சடித்திருப்பதை வாசியுங்கள். ‘பி.ஈ.’ என்றோ ‘அவுட்டோர்’ என்றோ இல்லாவிட்டால், அதை வெளியே கொண்டுபோவதானால் பி.வி.சி. பைப்புக்குள் விட்டுத்தான் கொண்டுபோக வேண்டும்.

தோல் வெடித்தால் தண்ணீர் அந்த இடத்தோடு நிற்பதில்லை. கேபிளுக்குள் வயர்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளி வழியே சரிந்து சரிந்து இறங்கும். கூரையில் புகுந்த தண்ணீர் சாலை மேசையில் இருக்கிற ரவுட்டரின் வாயில் வந்து சொட்டுவதை இந்த ஊர்த் தொழில்காரர் பலர் கண்டிருக்கிறார்கள். கேபிளின் வெளிப்புறமாக வழிந்து வீட்டுக்குள் வருகிற தண்ணீருக்கு மருந்து காசில்லாதது. சுவர்த் துவாரத்துக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு சாண் அளவுக்குக் கீழே தொய்ய விட்டு, பிறகு மேலே ஏற்றி உள்ளே விட வேண்டும். வெளிப்புறமாக வழிகிற தண்ணீர் அந்தத் தொய்வின் அடியில் சொட்டிப் போகும். துவாரத்தையும் உள்ளிருந்து வெளியே சரிவாகத் துளைக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. வந்தவர் அவசரத்தில் இருப்பார், நீங்கள்தான் நின்று செய்விக்க வேண்டும்.

இனி முனைக்கு வருவோம். கேபிளின் நுனியில் இருக்கிற அந்தக் கண்ணாடிபோன்ற சிறு பிளக்கைத்தான் ஆர்.ஜே. 45 என்கிறோம். உள்ளே எட்டுப் பித்தளை நிறப் பற்கள். அந்தப் பற்களின் மேல் இருப்பது தங்கம். உண்மையான தங்கம்தான். நல்ல தரத்தில் அதன் தடிப்பு 1.27 மைக்ரோமீற்றர். மலிவான பக்கெட்டில் வருகிற பிளக்கில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. நிறம் காட்டுவதற்கு மட்டும் பூசியிருப்பார்கள். நாலு முறை கழற்றிப் பூட்டினால் தேய்ந்து அடியிலுள்ள உலோகம் வெளியே வரும். கொழும்பில் குளிரூட்டிய அலுவலகத்தில் அது பத்து வருடம்கூட ஓடலாம். கல்லடிக் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள வீட்டில் உப்பு அந்தத் தேய்ந்த இடத்தைத்தான் முதலில் தேடிப் பிடிக்கும்.

கமராவுக்குப் போகிற கேபிளில் கதை இன்னும் மோசம். இப்போதைய கமராக்களுக்குத் தனியாகக் கரண்ட் வயர் போடுவதில்லை. நெட்வேர்க் கேபிள் வழியாகவே 48 வோல்ட் நேர்மின்னோட்டம் போகிறது. பி.ஓ.ஈ. என்று தொழில்காரர் சொல்வது இதைத்தான். உப்பு நீர் பட்ட இரண்டு பற்களுக்கு நடுவே நேர்மின்னோட்டம் ஓடினால் மின்பகுப்பு நடக்கும், பாடசாலையில் படித்ததேதான். பல் பச்சை பிடித்து, கறுத்து, சில வாரங்களில் அரித்தே போய்விடும். அப்போது கமரா பழுது என்று சொல்லிப் புதுக் கமரா வாங்க வைப்பார்கள். கழற்ற முன் பிளக்கின் பற்களைப் பாருங்கள்.

கமராப் பெட்டிக்குள் ஒரு சிறு பிளாஸ்டிக் மூடியும் ரப்பர் வளையமும் வருகின்றன. பிளக்கை அதற்குள் விட்டு முறுக்கினால் நீர் புகாது. அந்த மூடியை எங்கே வைத்தீர்கள்? அநேகமாகப் பெட்டியோடு குப்பைக்குப் போயிருக்கும். கமராவின் வால் சுவரில் வெறுமனே தொங்கும், அதைச் சுற்றிக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று. இந்த வெயிலில் அந்த டேப்பின் பசை உருகி வழிந்து ஒரு கோடைக்குள் கழன்றுவிடும். 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த ஊர் இது. இங்கே கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் கமரா ஆடம்பரம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. அப்படிப்பட்ட கமரா ஒரு ரப்பர் வளையம் இல்லாததால் மார்கழியில் கண்ணை மூடிக்கொள்வதுதான் எரிச்சலாக இருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் காசு நட்டம். இனிச் சொல்லப் போவது உயிர்.

தாய் வீட்டு வளவுக்குள்ளேயே மகள்மாருக்கு வீடு கட்டிக் கொடுக்கிற வழக்கம் நம்முடையது. ஒரே வளவில் அக்கா வீடு, தங்கச்சி வீடு, நடுவே தாய் வீடு. இன்டர்நெட் கனெக்‌ஷன் ஒன்றுதான், அது மூத்தவள் வீட்டில். அங்கிருந்து மாமரக் கொப்பில் கட்டி, கிணற்றடியைத் தாண்டி, மற்ற இரண்டு வீட்டுக்கும் செம்புக் கேபிள் இழுத்திருப்பார்கள். பாடசாலைகளிலும் இதே கதை. அதிபர் அலுவலகத்திலிருந்து கணினி அறைக் கட்டடத்துக்கு மைதானத்துக்கு மேலாக ஒரு கேபிள்.

இதைத்தான் செய்யவே கூடாது. ஒவ்வொரு வீட்டுக்கும் அதனதன் எர்த் கம்பி தனித்தனியாக மண்ணில் இறங்கியிருக்கிறது. அருகில் மின்னல் இறங்கினால், மணலில் அந்த மின்சாரம் பரவுகிற சில நொடிக்கூறுகளுக்கு இந்த வீட்டு எர்த்துக்கும் அந்த வீட்டு எர்த்துக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும். இரண்டையும் இணைத்துக்கொண்டு நீங்கள் ஒரு செம்பு வயரைக் கட்டி வைத்திருக்கிறீர்கள். மின்னல் உங்கள் கூரையில் விழ வேண்டியதில்லை. அடுத்த ஒழுங்கையில் உள்ள தென்னையில் விழுந்தாலே போதும். ரவுட்டரின் ஒவ்வொரு வாய்க்குள்ளும் 1500 வோல்ட் வரை தாங்குகிற சிறு ட்ரான்ஸ்போமர் ஒன்று உண்டு. சாதாரண நாட்களில் அது காப்பாற்றும். மின்னலுக்கு 1500 வோல்ட் ஒரு கணக்கே இல்லை. அது ரவுட்டரைத் தாண்டி, சார்ஜில் போட்டிருக்கிற லெப்டொப்பைத் தாண்டி, அதைத் தொட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் செய்கிற பிள்ளை வரை வரும்.

‘ஷீல்ட்’ போட்ட கேபிள் வாங்கினால் பாதுகாப்பு என்று கடையில் சொல்வார்கள். அலுமினியத் தாள் சுற்றிய எஃப்.டி.பி. கேபிள் அது. அந்தத் தாளைச் சரியாக எர்த் பண்ணினால்தான் அதற்குப் பயன். உலோக உறை இல்லாத சாதாரணப் பிளக்கில் அதைப் பூட்டினால் தாள் எங்கும் தொடாமல் அந்தரத்தில் தொங்கும், கூடுதல் காசுக்கு எந்தப் பயனும் இல்லை. இரண்டு கட்டடத்துக்கு நடுவே போட்டு இரண்டு பக்கமும் எர்த் பண்ணினாலோ இன்னும் ஆபத்து. இரண்டு எர்த்தையும் அந்தத் தாளே நேராக இணைத்துவிடும்.

கட்டடத்துக்குக் கட்டடம் போவதானால் ஃபைபர். கண்ணாடி நாரில் மின்சாரம் போகாது. இரண்டு முனையிலும் மீடியா கொன்வேர்ட்டர் என்ற சிறு பெட்டி வைத்தால் முடிந்தது. ஆனால் இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. போஸ்ட்டிலிருந்து வீட்டுக்கு வருகிற ஃபைபர் கேபிளில் கண்ணாடி நாரோடு ஒட்டி உறுதிக்காக ஓர் இரும்புக் கம்பி ஓடும். அந்தக் கம்பியை வீட்டுக்கு வெளியே கொளுக்கியில் கட்டி நிறுத்திவிட வேண்டும். கம்பியோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்தால், ஃபைபர் என்று நம்பி மின்னலுக்கு வழி விட்டவர்கள் ஆகிறோம். உங்கள் வீட்டில் எப்படி என்று போய்ப் பாருங்கள். கம்பி துருப்பிடித்து மெலிந்திருந்தால் அதையும் சொல்லி மாற்றுவியுங்கள். அடுத்த காற்றில் அறுந்து தொங்கப் போவது அதுதான்.

ஃபைபருக்கு வசதி இல்லாவிட்டால் வை-ஃபை பாலம் போடுங்கள், அல்லது அந்தந்த வீட்டில் தனித்தனியாகச் சிம் ரவுட்டர் வைத்துக்கொள்ளுங்கள். மேகம் இருண்டால் கரண்ட் பிளக்கைக் கழற்றுகிற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது, நல்லது. வெளியிலிருந்து வருகிற நெட்வேர்க் கேபிளையும் கழற்ற வேண்டும். பழைய டெலிபோன் லயினில் இன்டர்நெட் எடுப்பவர்கள் அந்தச் சிறு பிளக்கையும் கழற்ற வேண்டும். பாதி வீட்டில் கரண்ட் பிளக்கைக் கழற்றிவிட்டு மின்னலுக்கு மற்றக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். இடி முழங்கத் தொடங்கிய பிறகு இதைச் செய்யப் போக வேண்டாம். கையில் பிடித்த அந்த நொடியே போதும்.

சூறாவளிக்குப் பிறகு தெருவில் கிடக்கிற வயரைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். 1978 நவம்பர் 23 இரவைக் கண்டவர்களுக்குப் போஸ்ட் வரிசையாகச் சாய்வது புதிதல்ல. அன்று இல்லாத ஒன்று இன்று இருக்கிறது: ஒரே போஸ்ட்டில் மேலே கரண்ட் லயின், கீழே டெலிபோன், ஃபைபர், கேபிள் டீவி என்று நாலைந்து வகை. மரம் விழுந்தால் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு விழும். “இது இன்டர்நெட் வயர்தானே” என்று பிள்ளைகள் இழுத்து ஓரமாகப் போடுவார்கள். அதன் மறுமுனை எங்கே எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று இருட்டில் யாருக்குத் தெரியும்? வெள்ளம் தேங்கிய ஒழுங்கையில் தொடவே வேண்டியதில்லை, கிட்டப் போனாலே போதும். மின்சார சபையின் இலக்கம் 1987, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்.

இனி, எனக்குக் கோபம் வருகிற இடம்: கடை.

“தம்பி, இது செம்புதானே?”

“ஓம் அண்ணே, ஃபுல் கொப்பர். எல்லாரும் இதைத்தான் கொண்டு போறாங்க.”

பெட்டியில் ‘கெட் 6’ என்று பெரிய எழுத்து. பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் தெரியாத அளவில், ‘சி.சி.ஏ.’ என்று மூன்று எழுத்து இருக்கும். இல்லாமலும் இருக்கும். உள்ளே இருப்பது அலுமினியம், மேலே செம்பு மெல்லிய பூச்சு. கவரிங் நகை. கவரிங் என்று சொல்லிக் கவரிங் விலைக்கு விற்றால் யாருக்கும் முறைப்பாடு இல்லை. பவுன் என்று சொல்லி விற்பதுதான் இங்கே நடக்கிறது. கெட் 5ஈ, கெட் 6 என்ற பெயர்களை வரையறுத்த சர்வதேசத் தரங்கள் திடச் செம்பைத்தான் கேட்கின்றன. ஆகவே ‘கெட் 6 சி.சி.ஏ.’ என்று ஒரு பொருளே உலகத்தில் இருக்க முடியாது. பெட்டியில் அச்சடித்திருந்தாலும்தான்.

இது ஏன் வருகிறது என்று புரியாமல் இல்லை. உலகச் சந்தையில் செம்பு, அலுமினியத்தைப் போல மூன்று நாலு மடங்கு விலை. 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து சில மாதங்களில் முன்னூற்றைம்பதைத் தாண்டியபோது, கடைக்காரரும் வாங்குகிறவரும் வயர் போடுகிறவரும் ஒரே நேரத்தில் மலிவைத் தேடத் தொடங்கினார்கள். அந்தப் பழக்கம் பிறகு விடவில்லை. வயர் போட வருகிற தம்பி மொத்தக் கூலியாகப் பேசியிருப்பார். கேபிளில் மிச்சம் பிடித்தால்தான் அவருக்குக் கையில் ஏதாவது நிற்கும். அவரைத் திட்டுவதில் பயனில்லை. கேபிளை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

அலுமினியம் செம்பைவிட மின்சாரத்துக்குக் கூடுதலாகத் தடை போடும். சி.சி.ஏ. வயரில் அந்தத் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. தகவல் மட்டும் போகிற சிறு தூரத்துக்கு அது பெரிதாகத் தெரியாது. அதனால்தான் போட்ட அன்று எல்லாம் அழகாக வேலை செய்யும். கமராவுக்குக் கரண்டும் அதிலேயே போகிறபோது குட்டு வெளிப்படும். கமரா பகலில் நன்றாகவே இருக்கும். இரவானால் அதன் சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கிக் கூடுதல் கரண்ட் இழுக்கும்; நீண்ட அலுமினியத்தில் வோல்ட் விழுந்து கமரா அணைந்து, மீண்டும் எழும்பி, மீண்டும் அணையும். கள்ளன் வருகிற நேரம் பார்த்து. “இரவில மட்டும் போகுது” என்று யாராவது சொன்னால் கமராவைக் கழற்றும் முன் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று முனையில் நடக்கிறது. பிளக்கின் பல் வயரைக் கடிக்கிற இடத்தில் செம்புப் பூச்சு கிழிந்து அலுமினியம் வெளியே வரும். காற்றுப் பட்ட அலுமினியம் உடனே ஒட்சைட் பூசிக்கொள்ளும், அது மின்சாரம் கடத்தாது. நம்மூர் உப்பும் சேர்ந்தால் இரண்டு உலோகமும் தொடுகிற அந்த இடம் அரிக்கும். தொடுப்புத் தளர்ந்து அங்கே சூடு ஏறும். ஒற்றைக் கேபிள் சாதாரணமாகத் தீப்பிடிக்காது, பயமுறுத்த விரும்பவில்லை. ஆனால் ஹோட்டல்களிலும் பெரிய கடைகளிலும் முப்பது நாற்பது கேபிளை ஒரே கட்டாகக் கட்டிக் கூரைக்கு மேல் ஓட்டுகிறார்கள். அங்கே நடுவில் இருக்கிற கேபிளின் சூட்டுக்குப் போக வழியில்லை. 2003இல் வந்த முதல் பி.ஓ.ஈ. தரம் ஒரு வாய்க்கு 15.4 வொட் கொடுத்தது. 2009இல் 30 ஆனது. 2018இல் 90 வரை போய்விட்டது. கரண்ட் ஏறுகிறது, கேபிள் மெலிகிறது. பாசிக்குடாவிலும் கல்லடியிலும் ஹோட்டல் நடத்துகிறவர்கள் சீலிங் பலகையைத் திறந்து ஒரு தடவை பார்த்தால் நல்லது.

கண்டுபிடிப்பது கடினமில்லை. கடைக்குப் போகும்போது ஒரு பிளேட் கொண்டு போங்கள். வயரின் நுனியில் பூச்சை நன்றாகச் சுரண்டுங்கள். செம்பென்றால் எவ்வளவு சுரண்டினாலும் செம்புதான், வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். தோலை உரித்த ஒற்றை வயரை லைட்டரில் காட்டுங்கள். செம்பு சிவந்து நிற்கும், அலுமினியம் தொய்ந்து உருகித் துண்டாகும். காந்தத்தையும் தொட்டுப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. பழைய அனலொக் கமராவுக்குப் போடுகிற கோஎக்ஸ் கேபிளில் அந்தத் தில்லுமுல்லுதான் கூட. டீவி அன்டெனாவுக்கு விற்கிற ஆர்.ஜீ. 6 கேபிளில் நடுக் கம்பி செம்பு பூசிய இரும்பாக இருப்பது வழக்கம். அதன் வேலைக்கு அது போதும். அதையே கமராவுக்குக் கொடுத்தால் படம் மங்கும்.

பெட்டியைத் தூக்கிப் பார்ப்பதும் ஒரு சோதனை. 305 மீற்றர் கெட் 5ஈ பெட்டியில் செம்பு மட்டும் நாலரைக் கிலோ வரை இருக்கும், சி.சி.ஏ. என்றால் அந்த இடத்தில் இரண்டு கிலோவும் தேறாது. இரண்டு பெட்டியை இரண்டு கையில் தூக்கினால் கை சொல்லிவிடும். மல்டிமீற்றர் உள்ளவர்களுக்கு இன்னும் சுலபம். பெட்டிக்குள் கேபிளின் இரண்டு முனையும் கைக்கு எட்டும். ஒரே நிற வயரின் இரு முனையிலும் மீற்றரை வைத்தால், தரப்படி 100 மீற்றருக்கு 9.38 ஓம், ஆகவே முழுப் பெட்டிக்கு 28.6 ஓமைத் தாண்டக் கூடாது. நாற்பதைக் காட்டினால் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அது செம்பில்லை. அல்லது வயர் அளவைவிட மெல்லியது. இரண்டும் ஏமாற்றுத்தான்.

கெட் 7, கெட் 8 என்று பெரிய இலக்கத்தைக் காட்டி விற்கிறவர்களிடமும் கொஞ்சம் உஷார். வீட்டுக்கும் கடைக்கும் பாடசாலைக்கும் உண்மையான செம்பில் கெட் 5ஈ போதும், 100 மீற்றர் வரை ஒரு கிகாபிட் போகும். புதிதாகக் கட்டுகிறவர்கள் கெட் 6 போடலாம். கெட் 8 என்பது தரவு நிலையங்களில் 30 மீற்றருக்குள் ஓடுவதற்கென்று வந்தது. களுவாஞ்சிகுடியில் ஒரு டியூஷன் வகுப்புக்கு அது எதற்கு? கெட் 7 தரத்துக்கென்று தனிப் பிளக் இருக்கிறது. சாதாரண ஆர்.ஜே. 45 பூட்டிக் ‘கெட் 7’ என்று விற்கிற தட்டை வயர், பெயரில் மட்டும்தான் 7.

நிறம் பற்றியும் ஒரு பேச்சு. பிளக்குக்குள் எட்டு வயரை அடுக்குகிற ஒழுங்கு பி முறையில் இப்படி: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் கபிலம், கபிலம். பச்சைச் சோடியின் நடுவே நீலச் சோடி புகுந்திருப்பதைக் கவனியுங்கள். “இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் போதும்” என்று சோடி சோடியாக நேராக அடுக்குகிறவர்கள் உண்டு. ஒன்பது விளக்கு எரிகிற மலிவு டெஸ்டர் அதையும் சரி என்றே காட்டும். ஆனால் மூன்றாம் ஆறாம் பற்களுக்குப் போகிற வயர்கள் ஒன்றோடொன்று முறுகியிருக்க வேண்டியவை, இந்த அடுக்கில் அவை வெவ்வேறு சோடிக்குப் போய்விடுகின்றன. அடுத்த சோடியின் இரைச்சல் எல்லாம் உள்ளே வரும். இரண்டு மீற்றர் வயரில் தெரியாது, முப்பது மீற்றரில் வீடியோ திக்கும். பிறகு ரவுட்டரைக் குறை சொல்வார்கள், கம்பெனியைக் குறை சொல்வார்கள். “மறுகா வந்து பாக்கிறன் அண்ணே” என்று போனவர் வரமாட்டார். முறுக்கையும் பிளக்குக்காக அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்க விடாதீர்கள். எட்டில் நாலு வயர் மட்டும் தொட்டாலும் நெட் வேலை செய்யும், 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். பெரிய பக்கேஜுக்குக் காசு கட்டிவிட்டு 95ஐத் தாண்டாமல் இருக்கிறவர்கள் முதலில் பிளக்கைத்தான் பார்க்க வேண்டும்.

ஃபைபர் உள்ள வீடுகளுக்கு நாலு வார்த்தை. சுவரில் பச்சை நிறப் பிளக் வருகிறது. அதன் கண்ணாடி முகம் 8 பாகை சரிவாகச் சீவியது. நீல நிறத்தது நேர் முகம். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பூட்டுப்படும், ஆனால் பொருந்தாது. வெளிச்சம் குறைவதோடு கண்ணாடி முகமும் காயப்படும். கபினெட்டுக்குப் பின்னால் கூர்மையாக மடிக்காதீர்கள், ஆணி அடித்து இறுக்காதீர்கள். உள்ளே ஓடுகிற நார் 125 மைக்ரோமீற்றர்தான். அறுந்த முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே வேண்டாம், பிள்ளைகளையும் விடாதீர்கள். அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாத நிறத்தது, ஆகவே ஒன்றும் தெரியவில்லை என்பது ஒன்றும் வரவில்லை என்பதாகாது. ஆட்கள் வந்து வெட்டி ஒட்டிப் போன பிறகு நிலத்தைச் சவர்க்கார நீர் தோய்த்த துணியால் துடையுங்கள். வெறுங்காலில் நடக்கிற வீடு, கண்ணாடி நாரின் துண்டு காலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு.

கரண்ட் வயர் போகிற அதே பைப்புக்குள் நெட்வேர்க் கேபிளை விடுவதையும் நிறுத்துங்கள். எலி கடித்தால் 230 வோல்ட் எந்தப் பக்கம் போகும் என்று அது கேட்டுவிட்டுப் போவதில்லை. மலிவு பி.ஓ.ஈ. பெட்டிகளில் ‘பசிவ்’ என்று ஒரு வகை இருக்கிறது. தரமான பெட்டி மறுமுனையில் இருப்பது கரண்ட் ஏற்கக்கூடியதா என்று முதலில் சோதித்துப் பார்த்துத்தான் கொடுக்கும். இந்த வகை ஒன்றும் பார்க்காமல் கொடுத்துவிடும். அதன் வாயில் தவறி லெப்டொப்பைப் பூட்டினால் லெப்டொப் போச்சு. அந்த வயரின் முனையில் சிவப்பு டேப் ஒன்று சுற்றி வையுங்கள்.

இந்தக் கிழமை கடைக்குப் போகிறவர்கள் ஒன்றே ஒன்று செய்யுங்கள். பில்லில் கேபிளின் பெயருக்குப் பக்கத்தில் ‘முழுச் செம்பு’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல சரக்கு வைத்திருக்கிற முதலாளி எழுதித் தருவார், காத்தான்குடியிலும் டவுனிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். எழுதித் தந்த பிறகு வீட்டில் சுரண்டிப் பார்த்து வெள்ளி நிறம் தெரிந்தால், அந்தப் பில்லோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடலாம், இலக்கம் 1977. “அதெல்லாம் எழுத மாட்டம் காக்கா” என்று சொன்னால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.